கராஜ் கதவுத் திறப்பியல்: ஓர் அறிமுக ஆய்வு

கராஜ் கதவுத் திறப்பியல் என்பது, காரின் பின்பார்வைக் கண்ணாடியிலோ வெயில் மறைப்பிலோ பதித்திருக்கும் மூன்று பொத்தான்களுள் ஒன்றை, கராஜின் கூரையில் தொங்கும் மோட்டாருக்கு அறிமுகம் செய்துவைக்கும் கலை. இது செழித்து வளர்ந்த நிலப்பகுதி வட அமெரிக்கப் புறநகர். உகந்த காலம், புதுக் கார் வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை. வேண்டிய பொருள்கள்: கார், பழைய ரிமோட், ஏணி, பொறுமை. கார்க் கையேடு இதற்கு ஒன்றிரண்டு பக்கங்களே ஒதுக்குகிறது. செய்பவர்களோ பல சமயம் பொழுது சாயும்வரை ஒதுக்குகிறார்கள். கையேட்டுக்கும் பொழுதுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை விளக்குவதே இத்துறையின் நோக்கம்.

வேறுபாட்டுக்குக் காரணம் ஒன்றே. பொத்தான் காரில் இருப்பதால் வேலையும் காரிலேயே முடிந்துவிடும் என்று செய்பவர் நம்புகிறார். கார் பாதிதான். மறுபாதி கூரையில் இருக்கிறது. அதன் சம்மதம் இல்லாமல் எதுவும் திறக்காது. இது புரியாதவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே ஒரே பொத்தானை வெவ்வேறு அழுத்தத்தில் அழுத்திப் பார்ப்பார். அழுத்தத்தின் அளவுக்கும் கதவு திறப்பதற்கும் தொடர்பு உண்டென்று இதுவரை நிறுவப்படவில்லை.

வரலாறு நீண்டதல்ல. மேல்நோக்கி மடிந்தேறும் கதவை சி. ஜி. ஜான்சன் 1921இல் உருவாக்கினார். அதை மின்சாரத்தால் தூக்கும் கருவியையும் 1926இல் அவரே செய்தார். அதாவது, கதவைத் தூக்க ஆள் வேண்டாம் என்று ஆன பிறகும், தூக்கச் சொல்ல ஆள் காரைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. அந்த இறக்கத்தைத் தவிர்க்க ரேடியோ ரிமோட் வந்தது. ஆரம்பத்தில் வந்தவை நாசூக்கு இல்லாதவை: ஒரு தெருவில் ஒரே அலைவரிசையில் இரண்டு வீடு இருந்தால், ஒருவர் அழுத்த இரு கதவும் எழும். இதற்கு மருந்தாக ரிமோட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் வைத்தார்கள். எட்டு சுவிட்ச் என்றால் 256 குறியீடு. பன்னிரண்டு என்றால் 4096. ரிமோட்டில் எப்படித் தள்ளியிருக்கிறதோ அப்படியே மோட்டாரிலும் பேனா முனையால் தள்ளிவைக்க வேண்டும். வாங்கி வந்தபடியே ஒரு சுவிட்சையும் தொடாமல் மாட்டிவிட்ட வீடுகளும் உண்டு. அத்தகைய இரு வீடுகள் அண்டை வீடுகளானால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நிலையான குறியீட்டின் குறை, அது நிலையாக இருப்பதே. அலிபாபா கதை இதைத் தெளிவாகக் காட்டும். குகையின் கடவுச்சொல் மாறாதது, திருடர் தலைவன் உரக்கச் சொல்கிறான், மரத்தின் மேல் மறைந்திருந்தவன் காதில் விழுகிறது, அவர்கள் போனதும் அதே சொல்லைச் சொல்கிறான், கதவு திறக்கிறது. சொன்னவன் யார் என்று குகை கேட்கவில்லை. பொறியியலார் இதை மறு ஒலிபரப்புத் தாக்குதல் என்பார்கள். குகைக்குள் போய்ச் சொல்லை மறந்த அலிபாபாவின் அண்ணன் காசிமின் நிலையும் இத்துறைக்குப் புறம்பானதல்ல. ஆனால் அது பேட்டரி தீர்ந்த ரிமோட் என்னும் தனித் தலைப்பின்கீழ் வரும்.

2015இல் அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார், நிலைக் குறியீட்டுக் கதவுகளை ஒட்டுக்கேட்காமலே திறக்கலாம் என்று காட்டினார். மேட்டல் நிறுவனம் சிறுமிகளுக்காக விற்று, பிறகு நிறுத்திவிட்ட இளஞ்சிவப்பு நிறச் செய்தி அனுப்பும் பொம்மை ஒன்றே அவர் கருவி. எட்டு முதல் பன்னிரண்டு பிட் வரையான குறியீடுகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக அனுப்பினால் ஏறத்தாழ அரை மணி ஆகும். அவர் ஏறத்தாழ எட்டு வினாடியில் முடித்தார். சூட்சுமம், குறியீடுகளை இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கோத்த டி ப்ருய்ன் தொடர். ஒரு குறியீட்டின் வால் அடுத்ததன் தலையாகிவிடும். இதே உத்தி வடமொழி யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்குப் பழக்கமானது: யமாதாராஜபானசலகம் என்ற பத்து அசைச் சூத்திரத்தில் குறில் நெடில் சேர்ந்த மூவசைக் கணங்கள் எட்டும் அடங்கிவிடுகின்றன. கராஜ் கதவும் செய்யுள் கணமும் ஒரே கணிதத்தால் திறக்கின்றன என்பதை இலக்கண ஆசிரியர்கள் இன்னும் போதிய அளவு கொண்டாடவில்லை. கம்கார் தம் கருவிக்கு வைத்த பெயர் அலிபாபாவின் கடவுச்சொல்லேதான்.

இந்தக் குறைக்கு மாற்று 1990களின் நடுவிலேயே வந்துவிட்டது. சுழலும் குறியீட்டில் ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் புதுச் சொல் அனுப்பும். ரிமோட்டின் அடையாள எண்ணும் சேர்ந்தே போகும். மோட்டார் தனக்குத் தெரிந்த ரிமோட்டின் அடுத்த சொல்லுக்கு மட்டும் திறக்கும். நேற்றைய சொல் இன்று செல்லாது. திருடனுக்கு வைத்த இந்தப் பூட்டில் முதலில் அகப்பட்டவர், புதுக் காரோடு நிற்கும் வீட்டுக்காரர்.

இனிக் கருவி. ஹோம்லிங்க் என்ற பெயரில் வருவதே இவற்றுள் பரவலானது. பொத்தான் மேல் குட்டி வீட்டின் படம் இருந்தால் அதுதான். மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து ஊரில், விளக்கு வைத்த வெயில் மறைப்புகள் செய்துவந்த பிரின்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. 1996இல் அந்நிறுவனத்தின் கார் உதிரிபாகப் பிரிவோடு ஜான்சன் கன்ட்ரோல்ஸுக்குப் போனது. 2013இல் சுமார் 70 கோடி டாலருக்கு, பக்கத்து ஊரான ஸீலண்டில் தானே இருளும் கண்ணாடி செய்யும் ஜென்டெக்ஸ் வாங்கிக்கொண்டது. வெயில் மறைப்பில் இருந்த பொத்தான்கள் பல கார்களில் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்ததில், ஆகவே, வியப்பில்லை.

செய்முறைக்கு முன் இரண்டு தயாரிப்பு. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட வேண்டும். சோர்ந்த பேட்டரியின் முனகலைக் கண்ணாடி சரியாகக் கேட்காது. காரைக் கராஜுக்கு வெளியே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மூடிய கராஜில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடால் ஆளைக் கொல்லும். இந்த ஒரு வரியில் நகைச்சுவை இல்லை. கதவு எதிர்பாராமல் ஏறி இறங்கும் என்பதால் அதன் அடியில் யாரும் நிற்கவும் கூடாது. 1993 முதல் அமெரிக்காவில் செய்யப்படும் மோட்டார்களுக்குக் குறுக்கே எது வந்தாலும் கதவைத் திருப்பி ஏற்றும் காவல் ஏற்பாடு கட்டாயம். வாசலின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் சின்ன மின்கண்கள் அதற்காகவே. 1982 ஏப்ரலுக்கு முந்திய, தடுத்தால் திரும்பாத பழைய மோட்டார்களோடு ஹோம்லிங்கைச் சேர்க்கவே கூடாது என்று கையேடுகள் கண்டிப்பாகச் சொல்கின்றன.

முதற்படி அழித்தல். ஓரத்துப் பொத்தான்கள் இரண்டையும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், பழைய வகைகளில் இருபது வினாடியில், புதியவற்றில் பத்தில், விளக்கு சிமிட்டத் தொடங்கும். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்பது அதன் பொருள். கற்பிக்கத் தொடங்கும்போது இந்தப் படியை ஒருமுறை செய்தால் போதும். முதற்பொத்தான் வெற்றி கண்ட களிப்பில், இரண்டாம் பொத்தானுக்கும் முறையாக முதலிலிருந்து தொடங்குபவர், சற்றுமுன் கற்றதையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறார். ஒழுங்கானவர்களே அதிகம் இதில் விழுகிறார்கள்.

இரண்டாம்படி கேட்டல். ரிமோட்டைக் கண்ணாடிக்கு இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் பிடித்து, ரிமோட்டின் பொத்தானையும் காரின் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சொல்லும்போது எளிது. இடது கை கண்ணாடியை ஏந்தியபடி கட்டைவிரலால் அழுத்த, வலது கை ரிமோட்டை அந்தரத்தில் நிறுத்த, முழங்கை ஹாரனில் பட, கண் மட்டும் கடுகளவு விளக்கில் பதிந்திருக்கும். மெல்லச் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு திடீரென்று படபடக்கத் தொடங்கினால் காது கேட்டுவிட்டது. புதிய வகைகளில் ஆரஞ்சு பச்சையாகும். கனடாவில் இந்நிலை இன்னும் கடினம்: அங்கே சட்டப்படி ரிமோட் சில வினாடியில் தானே ஓய்ந்துவிடும், ஆகவே கார்ப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு ரிமோட்டை மட்டும் இரண்டு வினாடிக்கொருமுறை விட்டு விட்டு அழுத்த வேண்டும். தபேலா பழகியவர்களுக்கு இது கூடுதல் தகுதி.

மோட்டார் பழைய நிலைக் குறியீட்டு வகையானால் வேலை இங்கேயே முடிந்தது. கார் ஒட்டுக்கேட்டுச் சொல்லைக் கற்றுக்கொண்டது. சுழலும் வகையானால் இப்போதுதான் பாதி. கார் ரிமோட்டின் பாஷையைத்தான் கற்றிருக்கிறது. காரின் அடையாள எண் வேறு. அந்த எண்ணை மோட்டார் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பலர் கைவிடும் இடம் இதுவே. விளக்கு படபடத்துவிட்டது, கதவோ அசையவில்லை. எனவே கார் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மூன்றாம்படி ஏணி. மோட்டாரின் பின்புறத்தில், தொங்கும் ஏரியல் கம்பியின் அருகே, ஒட்டடைக்குள் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர் வகைகளில் அதன் நிறமே மோட்டாரின் ஜாதகம்: ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் 390 மெகாஹெர்ட்ஸ், ஊதா என்றால் 315, மஞ்சள் என்றால் 2011 முதல் வந்த, 310, 315, 390 மூன்றிலும் பேசும் வகை. மஞ்சள் தென்பட்டு, கார் அதற்கு முந்தியதாக இருந்தால் ஏணியிலிருந்து இறங்கிவிடலாம். பழைய ஹோம்லிங்க்குக்கு அந்தப் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு பெட்டி தனியாக விற்கிறது.

அந்தப் பொத்தானை அழுத்தி விட்டதும் பக்கத்தில் விளக்கு எரியும். எரிவது 30 வினாடி. அதற்குள் இறங்கி, காரை அடைந்து, கதவைத் திறந்து, கார்ப் பொத்தானை இரண்டு வினாடி பிடித்து விட வேண்டும். தேவையானால் மூன்று முறை வரை. இவ்விடத்தில் இரு கட்சிகள் உள்ளன. ஒருவரே செய்யலாம் என்னும் கட்சி வேகத்தை நம்புகிறது. ஏணியின் கடைசி இரு படிகளைத் தவிர்த்துக் குதிப்பதும், கார்க் கதவை முன்பே திறந்து வைப்பதும் அதன் உத்திகள். இருவர் வேண்டும் என்னும் கட்சி, ஒருவர் மேலேயும் மற்றவர் காரிலும் இருந்து குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கோட்பாட்டளவில் இதுவே சிறந்தது. கையேடுகளும் இதையே பரிந்துரைக்கின்றன. நடைமுறையில் கணவன் மனைவியர் இதைச் செய்யும்போது, "அழுத்து" என்பதை மோட்டார்ப் பொத்தானை அழுத்து என்று ஒருவரும் கார்ப் பொத்தானை அழுத்து என்று மற்றவரும் கொள்வதால் 30 வினாடி உரையாடலிலேயே கழிந்துவிடுகிறது. ஏணியில் நிற்பவர் "இப்போ" என்று மட்டும் சொல்வது என்ற உடன்பாட்டுக்குப் பின் இக்கட்சியின் வெற்றி கணிசமாகக் கூடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கார் வாசலுக்கு அருகே வந்தால்தான் கதவு திறக்கிறது என்றால், முதலில் மோட்டாரில் மாட்டிய பல்பைப் பார்க்க வேண்டும். மலிவான எல்இடி பல்புகளின் மின்சுற்று கக்கும் இரைச்சல் ரிமோட்டின் குரலை அமுக்கிவிடும். பல்பைக் கழற்றிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

அதற்கும் மேலே போனால் ராணுவம். 390 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் அமெரிக்காவில் ராணுவத்துக்கு உரியது. கதவு ரிமோட்டுகள் உரிமமின்றி அங்கே ஒண்டுக்குடித்தனம் நடத்திவந்தன. 2004இல் ஃபுளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் புதிய வாக்கி டாக்கிகளைச் சோதித்தபோது சுற்றியிருந்த ஊர்களில் கதவுகள் திறக்க மறுத்தன. உரிமமில்லாக் கருவி குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது சட்டம். 2005இல் நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் இதுபற்றி அறிக்கையே தந்தது. ஊதாப் பொத்தான் 315க்குப் போனதன் பின்னணி இதுதான்.

அதே 2004இல் இத்துறை நீதிமன்றமும் ஏறியது. சேம்பர்லைனின் மோட்டாரை இயக்கும் பொது ரிமோட் விற்ற ஸ்கைலிங்க், 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை மீறியது என்பது வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காசு கொடுத்து மோட்டார் வாங்கியவர் அதற்குள் இருக்கும் மென்பொருளைப் பயன்படுத்த உரிமையுள்ளவர். அதற்கு உதவும் ரிமோட் பதிப்புரிமையை மீறுவதாகாது. தன் கராஜைத் தானே திறப்பது குற்றமல்ல என்பது இதனால் உயர்ந்த மட்டத்தில் உறுதியாயிற்று.

எஞ்சியிருப்பது காரை விற்கும் நாள். பொத்தான் காரோடு போகிறது. முகவரி எழுதிய காப்பீட்டுத் தாள் பல சமயம் முன்பெட்டியிலேயே கிடக்கிறது. ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் முதற்படியில் சொன்னபடி ஓரப் பொத்தான்களைப் பிடித்து அழிக்க வேண்டும். மறந்து விற்றுவிட்டால், சேம்பர்லைன் வகைகளில் கூரைப் பொத்தானைச் சுமார் ஆறு வினாடி, அதன் விளக்கு அணையும்வரை, அழுத்திப் பிடிக்க வேண்டும். மோட்டார் எல்லோரையும் மறந்துவிடும்: விற்ற கார், புதிய கார், மனைவியின் கார், அவசரத்துக்கென்று அண்டை வீட்டில் கொடுத்துவைத்த ரிமோட். ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும். வெளிச்சுவரில் இருக்கும் எண்பலகையும் இதில் அடக்கம்; அதற்கான செய்முறை அதன் சொந்தக் கையேட்டில் உள்ளது.