பெருமுக்கல் பாக்கி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிவன் கோயில், பாறையில் ஆதிகால ஆசாமிகள் கீறிவைத்த உருவங்கள், இடிந்துபோன கோட்டை. இந்தக் கோட்டைக்காக இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கட்டிப் புரண்டார்கள். ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி உதை வாங்கினார். மார்ச்சில் பெருமுக்கல் கைவிட்டுப் போயிற்று. அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே போயிற்று. ஊர் திரும்பிய லாலியின் தலையை 1766இல் பாரிஸில் சீவிவிட்டார்கள்.

கணக்கு தீர்ந்தது என்று இங்கிலீஷ்காரன் நிம்மதியாகத் தூங்கினான். பிரெஞ்சுக்காரன் அசராமல் 200 வருஷம் காத்திருந்து, 1966இல் மான்டி கார்லோ கார் பந்தயத்தில் வட்டியோடு வசூலித்தான். சரித்திரப் பேராசிரியர்கள் இதற்கு மார்க் போட மாட்டார்கள். பரவாயில்லை.

வசூலுக்குச் சிக்கிய இங்கிலீஷ் வண்டி மினி. மிஸ்டர் பீன் பூட்டுப் போட்டுக்கொண்டு திரிவாரே, அதே ஜாதி. 1956 சூயஸ் தகராறில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வர, சிக்கன வண்டி வேண்டுமென்று கேட்டார்கள். வண்டி வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, பத்து அங்குலச் சக்கரம் மாட்டி, பத்தடி நீளத்தில் 1959இல் ஒன்றைச் செய்துகொடுத்தார். குடும்பத்தோடு கடைகண்ணிக்குப் போய்வர ஏற்பட்ட வண்டி. பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அதைப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். 1961இல் 'மினி கூப்பர்' வந்துவிட்டது.

1964 மான்டி கார்லோ ராலியில் 4.7 லிட்டர் வி8 எஞ்சின் வைத்த ஃபோர்டு ஃபால்கன்தான் வேகம். ஆனால் சின்ன எஞ்சினுக்குச் சலுகை உண்டு. அந்தக் கணக்கில் பேடி ஹாப்கர்க்கின் மினி ஜெயித்தது. ஹாப்கர்க் பெல்ஃபாஸ்ட்காரர். அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர், லாலியின் அப்பாவும் அந்தத் தீவுதான். நம் செலவில் நடந்ததெல்லாம் பங்காளிச் சண்டை போலிருக்கிறது. 1965இல் பனி கொட்டித் தீர்த்தது. 237 வண்டிகள் கிளம்பி 35 வந்து சேர்ந்தன. பின்லாந்துக்காரர் டிமோ மாக்கினென் மினியில் ஒரு பெனால்டி புள்ளிகூட வாங்காமல் வந்து கோப்பையைத் தூக்கினார்.

1966இல் முதல் மூன்று இடமும் மினிக்கே. பந்தய அதிகாரிகளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மணிக்கணக்காக வண்டிகளைப் பிரித்துப் போட்டுத் துழாவினார்கள். எஞ்சினில் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் ஹெட்லைட்டுக்கு வந்தார்கள். அயோடின் பல்பில் ஒற்றை இழைதான் இருந்தது, அதனால் ஹெட்லைட்டிலேயே டிம் அடிக்க முடியாது, டிம்முக்கு வேறு விளக்கு எரிகிறது, விதிப்படி தப்பு என்று மூன்றையும் தள்ளினார்கள். நாலாவதாக வந்த ராஜர் கிளார்க்கின் ஃபோர்டு கார்ட்டினாவும் அம்பேல். டிம் அடிக்காத குற்றத்துக்கு இப்படித் தண்டனை என்றால், திண்டிவனம் ஹைவேயில் ராத்திரி ஒரு ஆம்னி பஸ் மிஞ்சாது.

கோப்பை எந்த வண்டிக்குப் போனது என்று கேட்கவே வேண்டாம். சிட்ரோயென், அசல் பிரெஞ்சுச் சரக்கு. ஓட்டியவர் பாவ்லி டோய்வோனென் பின்லாந்துக்காரர், அவர் மேல் பழி சொல்வதற்கில்லை. மான்டி கார்லோ இருக்கும் மொனாக்கோவின் இளவரசர் ரெய்னியர் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். மினிக்கோ நல்ல யோகம். ஜெயித்திருந்தால் ஒரு நாள் செய்தி, தள்ளப்பட்டதால் பத்திரிகைகளில் வாரக்கணக்காக அதே பேச்சு.

1967இல் ரவுனோ ஆல்டொனென் மறுபடி மினியில் வந்து ஜெயித்தார். இம்முறை பல்பு சரியாக இருந்தது. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, 1968இல் ஜெர்மன் போர்ஷே 911 சத்தமில்லாமல் வந்து முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனது. ஓட்டியவர் விக் எல்ஃபோர்ட், அக்மார்க் லண்டன்காரர். 1994இல் இன்னொரு ஜெர்மன்காரனான பிஎம்டபிள்யூ, ரோவர் கம்பெனியையே விலைபேசி வாங்கிவிட்டது. மூட்டைக்குள் மினியும் இருந்தது.