பஞ்சு, பானை, பேஸ்

தமிழ்நாட்டில் ஒலியியல் ஆராய்ச்சி நடந்ததெல்லாம் டீக்கடையில்தான். மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, அதைக் கடையின் மூலையில் உயரக் கட்டித் தொங்கவிடுவார்கள். எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அந்தப் பானை வழியாகத்தான் தெரியவந்தது.

அதில் இருப்பது சுத்தமான அறிவியல். ஸ்பீக்கரின் கோன் முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டு அலைகளும் பரம எதிரிகள். பேஸ் அலை நீளமானது. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 7 மீட்டர். வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தால் பின்பக்க அலை சுற்றிக்கொண்டு முன்னால் வந்து முன்பக்க அலையைக் காலி செய்துவிடும். மிஞ்சுவது கீச்சுக்குரல். பின்பக்க அலையை உள்ளே போட்டுப் பூட்டுவதுதான் பெட்டியின் முதல் வேலை. பானை அதைச் செய்தது, அதுவும் உருண்டையாக இருந்துகொண்டு. 1951இல் ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் கனசதுரம், உருளை, கோளம் என்று விதவிதமான கூடுகளில் ஸ்பீக்கரைப் பூட்டி அளந்து, கோளத்தில்தான் ஒலியின் மேடுபள்ளம் குறைவு என்று கட்டுரை எழுதினார். டீக்கடைக்காரர் எழுதவில்லை. அவருக்கு வடைக்கு மாவாட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பானைக்கு அனுமதி கிடைக்கவில்லை. "நடுக்கூடத்துல பானை வெச்சா வர்றவங்க யாரு போனாங்கன்னு கேப்பாங்க" என்றாள் அம்மா. சென்னை ரிச்சி தெருவில் 4440 ஐ.சி. போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஊஃபர் என்று தனித்தனியாக வாங்கிவந்து அசெம்பிள் செய்யும் பொறுமை எனக்கில்லை. ஆகவே இரண்டு பெட்டியும் ஒரு சப்ஊஃபரும் சேர்ந்த ரெடிமேட் செட். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தது. பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில், பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்வது 60 வாட்ஸ் என்று இருந்தது. 60 உள்ளே போய் ஆயிரம் வெளியே வருமானால் மேட்டூரில் அணைக்குப் பதிலாக அந்தப் பெட்டியையே வைத்திருக்கலாம்.

செட்டை மாட்டிக் கொடுத்த பையன் ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகிவிட்டுப் போயிருந்தான். கண்டுபிடித்தவள் அம்மா. "பாடுறவரு எங்கடா நின்னு பாடுறாரு? நாலு செவுத்துலேருந்தும் வருது" என்றாள். ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போனால் அப்படித்தான். பேஸ் இளைத்துவிடும், பாடகர் இடம் தெரியாமல் அலைவார். பிளஸ் மைனஸ் அடையாளம் அழிந்திருந்தால் கவலை வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஊஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட்டெடுங்கள். கோன் முன்னால் வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஸ்டீரியோவில் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

அடுத்தது பஞ்சு. துளையில்லாத மூடிய பெட்டிக்குள் பஞ்சைத் தளர்வாக அடைத்தால் உள்ளே மோதித் திரியும் ஒலி அடங்கும். பெட்டியும் தன் அளவைவிடச் சற்றுப் பெரிதாக நடந்துகொள்ளும். இழை பறந்து காயிலுக்குள் போகாதபடி துணியில் சுற்றி வைக்க வேண்டும். இலவம்பஞ்சை என் தலையணையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். பேஸும் வந்தது, கழுத்துவலியும் வந்தது.

ஒயர் விஷயத்தில் கடைக்காரர் தங்க முலாம் பூசிய முனை வைத்த கேபிளை எடுத்துக் காட்டினார். தங்கம் கறுக்காது, உண்மைதான். மற்றபடி மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்புக்குப் பின்னால்தான் நிற்கிறது. கூட வந்த அம்மா "செய்கூலி, சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டதும் கேபிள் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பியது. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரே போதும். 5 மீட்டர் தூரத்துக்குப் போக வரச் சேர்த்து அதன் மின்தடை 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது கணக்கிலேயே வராது.

இத்தனையும் செய்த பிறகுதான் அறையின் லீலை புரிந்தது. சப்ஊஃபருக்கு நல்ல இடம் கண்டுபிடிக்க உலகமெங்கும் ஒரு முறை உண்டு. பெட்டியைச் சோபாவில் நம் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் பேஸ் திருத்தமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி, பழையபடி சோபாவில் நாம். ஒலி இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதும் ஒன்றுதான் என்பதால் இது பலிக்கிறது.

நான் காதைத் தரைப்பக்கம் சாய்த்துத் தவழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் பக்கத்து ஃபிளாட் சார் வந்தார். அசோசியேஷன் செயலாளர், மெயின்டனன்ஸ் பணம் வாங்க வந்தவர். சோபாவில் பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரன் தரையில். நல்ல மனிதர், எதுவும் கேட்காமல் அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து தேட ஆரம்பித்தார். சோபாவுக்கு அடியிலும் பார்த்துவிட்டு, "என்ன கலர் சார்?" என்றார்.

"அவன் பேஸைத் தேடுறான்" என்றாள் அம்மா.

"அதுவா? அது எங்க பெட்ரூம்ல இருக்கு. தினம் ராத்திரி பத்து மணிக்கு வருது."

அவர் சொன்னது அறிவியல்படி சரி. எங்கள் கூடம் 12 அடி அகலம். அந்த அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் இரண்டு சுவரோரமும் குவிந்து, நட்ட நடுவில் வற்றிவிடும். நடுவில் சோபா போட்டு உட்கார்ந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதே சுவரின் மறுபக்கத்தில் தலைமாட்டை ஒட்டிக் கட்டில் போட்ட அவருக்கு எல்லாம் கேட்டது. காசு கொடுத்தவன் நான், ரசிகர் அவர்.

தவழ்ந்து கண்டுபிடித்த உன்னதமான இடத்தில் அரிசி டிரம் இருந்தது. அது நகராது என்று தீர்ப்பாகிவிட்டதால் அடுத்த நல்ல இடமான பீரோ ஓரத்துக்கு இறங்கிவந்தேன். அங்கே ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வந்தால் பீரோ கைப்பிடி கூடவே ஜால்ரா தட்டியது. கதவிடுக்கில் மடித்த பேப்பர் செருகியதும் நின்றது. சோபாவையும் ஒன்றரை அடி பின்னால் தள்ளிவிட்டேன்.

புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பியிருக்கும் அன்பர்களே, முதலில் வீட்டில் இருக்கிற பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுங்கள். உட்கார்ந்தால் கீச்சொலி தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி கீழே ஸ்டூல் கொடுங்கள். சோபா அறையின் நட்ட நடுவில் வேண்டாம். வீடு பெருக்குகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் மறுநாள் காலையில் எல்லாம் பழைய இடத்துக்கே போயிருக்கும்.