நெல்லிக்கனியும் மயிற்பீலியும்: மாணவர் மடிக்கணினித் தேர்வு குறித்து ஒரு தகடூர் ஆய்வு

மடிக்கணினி என்ற பெயரிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. கேம் ஆடுவதற்கென்று விற்கப்படும் மடிக்கணினியை மடியில் வைத்தவர் எவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே வைத்திருந்ததில்லை. இரண்டு கிலோவைத் தாண்டிய எடை, தொடையைச் சுடும் சூடு, வாலைப் போலப் பின்தொடரும் சார்ஜர் ஒயர். இதைக் காரணப்பெயர் என்பதா, இடுகுறிப்பெயர் என்பதா என்று இலக்கண நூலாரே தடுமாறுவர். எனவே இவ்வாய்வு அதனை 'மேசைக்கும் மடிக்கும் இடையே அல்லாடும் பொருள்' என்று தற்காலிகமாக வரையறுத்துக்கொண்டு மேலே செல்கிறது.

ஆய்வுக் களம் தருமபுரி மாவட்டம். இத்தேர்வுக்குக் காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து வந்தது இம்மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்தது. பிரிந்தும் பிரித்தும் பழகிய இடம். ஒரே பேட்டரியைப் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் எப்படிப் பாகம் பிரிப்பது என்ற கேள்வியை வேறெங்கே போய்க் கேட்பது?

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. தருமபுரியின் முன்னைப் பெயர் தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பாடியவர் ஔவையார். மடிக்கணினித் தேர்வுக்கு வேண்டிய கோட்பாடு முழுவதும் புறநானூற்றின் மூன்று பாடல்களில் அடங்கியிருப்பதை உரையாசிரியர்கள் எப்படியோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 91ஆம் பாடல் நெல்லிக்கனியைப் பற்றியது. நெடுநாள் வாழவைக்கும் அக்கனியை, ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து பெற்ற அதியமான், அதன் பயனைச் சொல்லாமலேயே ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். இது பேட்டரிப் பாடல். 95ஆம் பாடல் தொண்டைமான் என்ற மன்னனின் படைக்கலக் கொட்டிலைப் பற்றியது. அங்கே வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுக்குள் மின்னுகின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று தூது போன ஔவை புகழ்வதுபோலப் பழிக்கிறார். இது கேமிங் பாடல். கீபோர்டின் அடியில் பச்சையும் நீலமுமாக மின்னும் விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மயிற்பீலி எதைக் குறிக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. கொல்லன் களம் என்பது சர்வீஸ் சென்டர்.

ஆற்றல்வாதியர், ஆயுள்வாதியர் என இரு பள்ளிகள் இன்று தருமபுரி மாணவரிடையே நிலவுகின்றன. முதல் பள்ளியார் கிராபிக்ஸ் கார்டின் பெயரைக் கேட்ட பிறகே கணினியின் நிறத்தைக்கூடப் பார்ப்பார்கள். இரண்டாம் பள்ளியாரின் ஒரே கேள்வி, "சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்?" என்பது. இரு பள்ளியாரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை. ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் ஒருவரிடம் மற்றவர் சார்ஜர் கடன் கேட்பதுண்டு.

இனிக் கணக்கு. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள். அதைக் கணினி தின்னும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான். 60 வாட்-மணி பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிஎஃப் படிப்பது, புரோகிராம் எழுதுவது போன்ற சாதுவான வேலைக்கு 10 வாட் போதும். ஆறு மணி நேரம் நிற்கும். ஆட்டம் தொடங்கி, பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 120 வாட் கேட்டால் அரை மணி நேரம். தருமபுரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி ஏறி ஆட்டத்தைத் தொடங்கும் மாணவருக்குத் தொப்பூர் கணவாய் வருவதற்குள் திரை இருண்டுவிடும். கணவாயை வேடிக்கை பார்க்க வாய்ப்புக் கிடைக்கும் என்பது இதன் பக்கவிளைவு.

நடைமுறையில் அந்த அரை மணி நேரமும் முழு வேகத்தில் ஓடாது. அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுக்க மடிக்கணினிப் பேட்டரியால் ஆகாது என்பதால், ஒயரைப் பிடுங்கியதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிளக்கில் இருக்கும்போது புலி, பிடுங்கினால் பூனை.

சரி, பேட்டரியைப் பெரிதாக்கிவிட்டால் என்ன? இங்கேதான் தருமபுரி மாணவருக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது. விமானத்தில் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய லித்தியம் பேட்டரியின் உச்ச வரம்பு 100 வாட்-மணி. அதனால் எவ்வளவு பெரிய கேமிங் மடிக்கணினியாக இருந்தாலும் பேட்டரி 99 வாட்-மணியைச் சொச்சமாகத் தாண்டி நின்றுவிடும். பென்னாகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர் விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. ஆனாலும் அவருடைய பேட்டரியின் அளவைத் தீர்மானிப்பது விமானப் போக்குவரத்து விதி. டவுன் பஸ்ஸில் பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கும் கண்டக்டர்கூட இதுவரை எவருடைய வாட்-மணியையும் கேட்டதில்லை.

இத்துறையில் தமிழ்நாடு நடத்திய மாபெரும் களச் சோதனை ஒன்று உண்டு. நடத்தியவர்களுக்கே அது சோதனை என்று தெரியாது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லாப் பொருள்களை வழங்கத் தொடங்கினார். குடும்பத்துக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி. அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த மடிக்கணினிகள் பல லட்சம். பொருள்கள் வீடு வந்து சேர்ந்தன. கரண்ட் வந்து சேரவில்லை. 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு பல நாள்களில் பத்து மணி நேரத்தைக் கடந்தது. மிக்சி அலமாரியில் பொம்மையாக நின்றது. கிரைண்டரின் மேல் பூந்தொட்டி ஏறியது. மின்விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்த குழந்தைகளும் இருந்திருப்பார்கள்.

அரசு கொடுத்த நான்கு பொருள்களில் வயிற்றுக்குள் பேட்டரியோடு பிறந்தது ஒன்றுதான். கரண்ட் போன வீட்டில் உயிரோடிருந்த ஒரே விலையில்லாப் பொருள் மடிக்கணினி. பாலக்கோட்டிலும் அரூரிலும் மாலை ஆறு மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு அது முதலில் விளக்காகவும், பிறகு சினிமாக் கொட்டகையாகவும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டியாகவும் பயன்பட்டது. கணினியாகப் பயன்பட்டது கடைசியில்தான். ஆயுள்வாதப் பள்ளியின் தோற்றத்தை இந்த இருட்டில் தேடுவதே முறை. 'எவ்ளோ நேரம் நிக்கும்?' என்று இன்று கடையில் கேட்கும் தந்தையரில் பலர் அந்த மின்வெட்டை அனுபவித்தவர்கள். கூடங்குளம் முதல் அலகு 2014இன் கடைசி நாளில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது, மேட்டூரிலும் வடசென்னையிலும் புதிய அனல் அலகுகள் வந்தன, நிலைமை மாறியது. கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆற்றல்வாதப் பள்ளியும் அதே பெட்டியிலிருந்துதான் பிறந்தது. ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற ஆட்டம் 2003இல் கணினிக்கு வந்தது. அது கேட்டதெல்லாம் 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 128 எம்பி ரேம். அரசு மடிக்கணினி அதைப்போலப் பல மடங்கு வலியது. பென்டிரைவ் ஒன்று வகுப்பு முழுவதும் கைமாறியது. அப்துல் கலாமின் பொன்மொழிகளைப் பின்னணிப் படமாக வைத்திருந்த கணினிக்குள் மயாமியை ஒத்த ஒரு நகரத்தில் கார் திருடப்பட்டுக்கொண்டிருந்தது. பெற்றோருக்குத் திரையில் கார் ஓடுவது தெரியும். டிரைவிங் பாடம் என்று நம்பியவர்களும் உண்டு.

2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு அதில் இல்லை. அரசு எப்போதும் ஆயுள்வாதி.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். ஔவையார் ஒருவரா பலரா என்பது தமிழாய்வில் பழைய வழக்கு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி செய்தவரும் வெவ்வேறு காலத்தவர், பெயர் மட்டுமே ஒன்று என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆர்டிஎக்ஸ் 4050 விஷயத்திலும் இதே முடிவுதான். அந்தப் பெயரில் மடிக்கணினிக்கு வரும் கார்டு 35 வாட் முதல் 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒல்லியான கணினிக்குள் குறைந்த வாட்டில் இருப்பவரும், பருத்த கணினிக்குள் முழு வாட்டில் இருப்பவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேரின் பாட்டும் ஒன்றல்ல. பெட்டியின் மேல் வாட் எழுதியிருப்பதும் அரிது. நிறுவனத்தின் விவரத்தாளில் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது வேறு ஒன்று. '10 மணி நேரம் வரை.' இதில் 'வரை' என்பதற்கு எல்லை என்று பொருள் கொள்வார் கடைக்காரர். வரைக்கு மலை என்ற பொருளும் உண்டு என்பதை வாங்குபவர் மறக்கலாகாது. தீர்த்தமலை அடிவாரத்தில் நிற்பவருக்கு உச்சியைக் காட்டி, அதுதான் உங்கள் இடம் என்பது போன்ற பேச்சு அது. திரை வெளிச்சத்தைத் தணித்து, ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பெற்ற எண்ணை மாணவரின் ஒரு நாளோடு ஒப்பிடவே முடியாது. பயனைச் சொல்லாமல் கனியைக் கொடுத்தான் அதியமான். கனியைக் கொடுக்காமல் பயனைச் சொல்வது விளம்பரம்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். கிராபிக்ஸ் கார்டு அந்த யானை. என்விடியா நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாடு, சின்ன வேலைகளைப் பிராசஸரோடு பிறந்த சிறு கிராபிக்ஸிடம் விட்டுவிட்டு யானையைத் தூங்கவைக்கிறது. ஆனால் பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு செயலி அதன் காதைத் திருகினால் போதும், விழித்துக்கொண்டு தின்னத் தொடங்கிவிடும். பாடம் படிக்கையில் இரண்டே மணி நேரத்தில் பேட்டரி தீர்கிறது என்று புலம்புபவர்களின் கொட்டிலில் பெரும்பாலும் யானை விழித்திருக்கும். திரையை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்கினாலும் கொஞ்சம் மிச்சப்படும். எழுத்துகள் நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுவதால் பாடம் வேகமாக மண்டையில் ஏறியதாகச் சான்று கிடையாது.

யானையே வேண்டாம் என்போர் மேற்கே கை காட்டுவர். 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 மேக்புக் ஏரில் காத்தாடியே இல்லை, 49.9 வாட்-மணி பேட்டரியில் 18 மணி நேரம் வீடியோ ஓடும் என்றது நிறுவனம். நெல்லிக்கனியேதான். ஆனால் அதில் வேலரன்ட் என்ற ஆட்டம் ஓடாது. இயந்திரவியல் மாணவருக்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸும் ஓடாது. நீண்ட ஆயுளைப் பெற்று அதில் என்ன செய்வது என்று தெரியாத நிலை.

மூன்றாவது பாடல் புறநானூறு 101. ஒரு நாளல்ல, பல நாள் திரும்பத் திரும்பச் சென்றாலும் அதியமானின் அன்பு தேயாது என்கிறார் ஔவை. லித்தியம் பேட்டரி அதியமான் அல்ல. சார்ஜ் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் அன்பு கொஞ்சம் குறைகிறது. முழுச் சார்ஜில், பிளக்கைப் பிடுங்காமல், சூட்டில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் குறையும். ஏப்ரல் மாதத்துத் தருமபுரியில், ஷீட் போட்ட அறையில், மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு ஆட்டமாடுவது இதற்கு மிக விரைவான வழி. பல கணினிகளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைப்பவர்கள் குறைவு. பாத்திரத்தை முக்கால் நிரப்பி வைப்பது நம் வீடுகளில் தரித்திரமாகக் கருதப்படுகிறது.

கரண்ட் பில் பற்றியும் ஒரு வரி. ஆட்டத்தின்போது சுவரிலிருந்து 200 வாட் இழுக்கும் கணினி ஐந்து மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்னும். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மிக்சி, ஃபேன், டிவி எதையும் போடாமல் இருந்தால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் அரசுச் செலவிலேயே ஆடலாம். இக்கணக்கை வீட்டில் சொல்லிப் பார்க்கும் துணிவு எந்தப் பள்ளியாருக்கும் இல்லை.

ஆக, இவ்வாய்வு கண்ட அளவுகோல் ஒன்றே: மாணவருக்கும் பிளக் பாயிண்டுக்கும் உள்ள தூரம். 2013இல் செட்டிக்கரையில் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரிக்கு அரூரிலிருந்து நாள்தோறும் வந்துபோகிறவர் காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை சுவிட்ச்போர்டைக் காணாமல் இருக்க நேரலாம். அவருக்கு 70 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரி, ஒன்றரை இரண்டு கிலோவுக்குள் எடை, சி-டைப் சார்ஜிங், ஏஎம்டியின் ரேடியான் 780எம் போன்ற உள்ளிருக்கும் கிராபிக்ஸ். வேலரன்ட்டுக்கு அதுவே தாராளம். கட்டிலுக்குத் தலைமாட்டில் பிளக் பாயிண்ட் வாய்த்த விடுதி மாணவர் யானையை வாங்கலாம், கார்டின் வாட்டைக் கேட்டுவிட்டு. நடுவில் இருப்பவர்கள், அதாவது எல்லோரும், சிறிய கார்டும் பெரிய பேட்டரியும் சேர்ந்த கணினியைத் தேடி, ஒரு லட்சத்துக்குள் கிடைக்குமா என்று ஆடித் தள்ளுபடிவரை காத்திருப்பார்கள். இங்கே 'வரை' எல்லைப் பொருளில் வந்தது.

இந்த அளவுகோலை ஆய்வாளர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் தந்தையர். தருமபுரி கடைகளில் கல்லூரி திறக்கும் மாதங்களில் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. மகன் கீபோர்டின் விளக்குகளில் மயங்கி நிற்கிறான். அப்பா பெட்டிக்குள்ளிருந்து செங்கல் போன்ற ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்க்கிறார்.

"ஏம்பா, இது பேட்டரியா?"

"இல்லைங்க, சார்ஜர்."

"அப்ப பேட்டரி?"

"உள்ளயே இருக்குதுங்க."

"உள்ளயே இருக்குதுன்னா இதையும் எதுக்கு இவன் தூக்கிட்டுப் போவணும்?"

கடைப் பையன் மகனைப் பார்க்கிறான். மகன் விளக்குகளைப் பார்க்கிறான்.