ரீஸ்டார்ட் மாமா

“நெட் வரல” என்று ஒரு குரல் கேட்டால் போதும், சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூடக் கிளம்பிவிடுகிற ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. உறவில் அவர் சித்தப்பாவாகவோ, மாப்பிள்ளையாகவோ, எதிர்வீட்டு அண்ணனாகவோ இருக்கலாம். காரியத்தில் அவர் ரீஸ்டார்ட் மாமா. கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் நேரலை நின்றுபோனபோது ஒரு பிளக்கைப் பிடுங்கிச் சொருகியிருப்பார், படம் வந்திருக்கும், அன்றிலிருந்து அந்த வட்டாரத்து இணையம் முழுக்க அவர் பொறுப்பு. நேரில் வர முடியாவிட்டால் போனிலேயே பார்த்துவிடுவார். “அக்கா, டப்பாவுல லைட்டெல்லாம் எரியுதா?” “மூணு பச்சையா எரியுதுப்பா, ஒண்ணு மட்டும் சிவப்பா மின்னி மின்னி எரியுது.” “அது கெடக்கட்டும். பிளக்கைப் புடுங்குங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. திரும்பச் சொருகுங்க.” அக்கா எண்ணத் தொடங்குவார். கோளாறு என்ன என்பதை அந்தச் சிவப்பு விளக்கு அப்போதே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

சிரிப்பதற்கு முன் மாமாவுக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவர் வைத்தியம் பெரும்பாலும் பலிக்கிறது. பலிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் உள்ள மொத்த முகவரிகள் சுமார் 430 கோடிதான். உலகத்தில் இருக்கும் போன்களுக்கே அது போதாது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி, பல இடங்களில் பல வீட்டுக்குச் சேர்த்தே ஒரு முகவரி என்று பங்குபோட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, வெளியே போவதையும் வருவதையும் ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. எந்தப் பார்சல் எந்த ஃபிளாட்டுக்கு என்று நோட்டில் எழுதி வைக்கும் அடுக்ககத்து வாட்ச்மேன் வேலை அது. மலிவான ரவுட்டருக்கு நினைவகம் கொஞ்சம். வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடினால் பட்டியல் நிரம்பும், மென்பொருளில் இருக்கும் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். அணைத்துப் போட்டால் எல்லாம் துடைத்துச் சுத்தமாகிறது; இணையம் தரும் கம்பெனியோடு புதிதாக இணைப்பு போட்டுக்கொள்கிறது; வைஃபை அலைவரிசையைத் தானே தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தால் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாறவும் வாய்ப்புண்டு. பத்து எண்ணச் சொல்வதுகூட வீண் சடங்கல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். அது வடியச் சில நொடிகள் வேண்டும். மாமாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் கணக்கைத் தப்பாகப் போட்டு விடையைச் சரியாக எழுதிவிடுகிறார்.

விடை சரியாக வருவதுதான் வில்லங்கம். பத்துக்கு ஏழு முறை பலிக்கிற வைத்தியம், மிச்சம் மூன்று முறைக்கும் அதையே செய்யச் சொல்கிறது. ஃபைபர் பெட்டியில் லாஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு மின்னினால், வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். தெருமுனையில் லாரி இழுத்துக்கொண்டு போன கேபிளை, வீட்டுக்குள் பிளக்கைப் பிடுங்கி ஒட்டவைக்க முடியாது. சில நேரம் காரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கும்: டிவி ஸ்டாண்டைச் சுவரோடு நெருக்கித் தள்ளியதில் பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஃபைபர் ஒயர் மடிந்திருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் உள்ளே போகும் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் வீடியோ திணறினால் அதற்கும் ரீஸ்டார்ட் மருந்தல்ல. அடுப்பும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே 2021 அக்டோபர் 4 இரவு. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் சொந்த வலைப்பின்னலே அறுந்து, அதன் முகவரிகள் இணையத்தின் வழிகாட்டிப் பட்டியலிலிருந்தே மறைந்துபோயின. வாட்ஸ்அப்பும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. குற்றம் அமெரிக்கக் கம்பெனியில். அன்று இரவு அம்பத்தூரிலும் அவிநாசியிலும் எத்தனை அப்பாவி ரவுட்டர்கள் தண்டனை அனுபவித்தனவோ, கணக்கில்லை.

மாமாவின் மற்ற சாஸ்திரங்களும் இதே ரகம்தான். போனில் வைஃபை கோடு நிறைய இருந்தால் நெட் இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. அந்தக் கோடுகள் சொல்வது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள பத்தடி உறவைப் பற்றி மட்டும். ரவுட்டருக்கு அப்பால் உலகம் இருக்கிறதா இல்லையா என்று அவற்றுக்குத் தெரியாது. “நூறு எம்பி பிளான்னு காசு வாங்குறான், பன்னெண்டுதான் வருது” என்று கேபிள்காரரோடு சண்டைக்கும் போவார். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட், டவுன்லோடில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. கேபிள்காரர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோக்கியர். எதுவும் பலிக்காதபோது மாமா கடைசி அஸ்திரத்தை எடுப்பார்: அக்காவின் வளையலில் தொங்கும் சேஃப்டி பின். பெட்டியின் முதுகில் உள்ள ரீசெட் ஓட்டைக்குள் அதை விட்டு அழுத்துவார். விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரியும். கம்பெனி கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் அழிந்து, பெட்டி கடையில் வாங்கிய அன்றைய நிலைக்குப் போய்விடும். அதுவரை மெதுவாக வந்த நெட் அதற்குப் பிறகு அடியோடு வராது. “பெட்டியே போயிடுச்சு, மாத்தணும்” என்பார்.

“இணையமே அப்படித்தானே நடக்கிறது?” என்று மாமாவின் பக்கம் நின்று ஒருவர் வாதாடலாம். வாதம் வலுவானது. நாம் அனுப்புவதெல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக உடைந்து போகிறது. வழியில் ஒன்று தொலைந்தால் ஏன் தொலைந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. வந்து சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை அனுப்பு, அவ்வளவுதான். இணையத்துக்கு அடித்தளமிட்ட விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய திட்டத்தின் அடிப்படைகளில் இது ஒன்று. ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்ததைக் கம்ப்யூட்டர்கள் மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் கூடி இன்னும் தொலைந்தன. கேள்வி கேட்காமல் திரும்பச் செய்ததே நோயாகிப் போனது. அந்த ஆய்வகத்தில் இருந்த வேன் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு, திரும்ப அனுப்புவதை நிறுத்தவில்லை. பாக்கெட் தொலைவதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள், வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டிப் பார் என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் சொன்னது. ஆக, இணையம் மாமாவைப்போல இருந்தது 1986 வரைக்கும்தான். அதற்குப் பிறகு அது தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கியது. மாமா இன்னும் தொடங்கவில்லை.

“சாமானியனுக்கு எதற்கு இந்தப் பாடமெல்லாம்? காசு வாங்காமல் வந்து பார்க்கிறாரே, அவரைப் போய்க் குறை சொல்லலாமா?” என்பது அடுத்த கேள்வி. பாடம் யாரும் படிக்க வேண்டாம். நாலே கேள்வி போதும். எல்லா போனிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா? பெட்டியில் சிவப்பு எரிகிறதா? பக்கத்து வீட்டில் வருகிறதா? எல்லாத் தளமும் திறக்கவில்லையா, ஒன்று மட்டுமா? கோளாறு போனிலா, பெட்டியிலா, தெருவிலா, அதற்கும் அப்பாலா என்பது ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்குவது அதற்குப் பிறகு. ரீஸ்டார்ட் போட்டுச் சரியானாலும், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அதையே செய்ய வேண்டியிருந்தால் அது குணமாகவில்லை, தவணை வாங்கியிருக்கிறது.

இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரே ஒரு சிக்கல்தான். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த வீட்டில் நெட் மாதக்கணக்கில் ஓடும். அதுவரை யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிச் சொருகிய வீட்டில் வாரா வாரம் வாசலில் வரவேற்பு, கூடத்தில் காபி, “நீ இல்லன்னா என்னப்பா பண்ணுவோம்” என்கிற பாராட்டு. இந்தக் கணக்கை மட்டும் அவர் தப்பாகப் போடுவதில்லை.