ஊர் இல்லாத ஸ்டேஷன்

எங்கள் தாமலில் ஊர் உண்டு, ஏரி உண்டு, பெங்களூர் நெடுஞ்சாலை உண்டு. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் கிடையாது. ரயிலேற காஞ்சிபுரம் போக வேண்டும். ஸ்டேஷன் இருந்தும் ஊர் இல்லாத இடம் தனுஷ்கோடி என்று பெரியப்பா சொல்வார்.

பெரியப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் கொழும்பு ரயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் வந்த ஏற்பாடு அது. சுங்கக்காரர்கள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தே பார்ப்பார்களாம். "ஊறுகாய் ஜாடிக்குள்ளகூட கரண்டியை விட்டுத் துழாவினான்டா" என்பார்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலை எந்த அதிகாரியாலும் நிறுத்தி வைக்க முடியவில்லை. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் குழு 46 நாளில் சரிசெய்தது. தனுஷ்கோடியை மட்டும், மனிதர் வாழத் தகாத இடம் என்று அறிவித்துக் கைகழுவினார்கள். கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1984இல் அதுவும் நின்றது.

நான் முதன்முதலில் போனபோது சாலை கிடையாது. மணலிலும் உப்புத் தண்ணீரிலும் வேன் குலுங்கியது. ஸ்டேஷனில் மிஞ்சியது சில சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும்தான். பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர்; கை வைத்தால் சுண்ணாம்பு பொலபொலவென உதிர்ந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். அண்மையில் மறுபடி போனேன். பெரியப்பா பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு நின்ற பக்கத்தில் பாசிமணி, சங்கு, பொரித்த மீன் வியாபாரம். அன்று சீட்டில்லாமல் நுழைய முடியாத கட்டடத்தின் தலையில் ஏறி நின்று ஒரு கல்லூரிக் கூட்டம் செல்ஃபி எடுத்தது. சுவரில் கரியால் இதயம் வரைந்து இரண்டு பெயர். காதல் வாழட்டும், சுவர் தாங்க வேண்டுமே!

ராமேஸ்வரத்திலிருந்து இங்கே மறுபடி ரயில் பாதை போட 208 கோடி ரூபாய் மதிப்பீடு, 2019 மார்ச்சில் அடிக்கல். ரயில் வரவில்லை. அடிக்கல் நாட்டியது கன்னியாகுமரியில், ஆகவே பார்க்க ஒரு கல்கூட இங்கே இல்லை.

1856இல் திறந்த சென்னை ராயபுரம் ஸ்டேஷனைப் பழைய அழகு கெடாமல் புதுப்பித்த ரயில்வேக்குப் பழைய சுவரைக் காப்பது தெரியாத வேலையல்ல. ரயிலை அப்புறம் விடட்டும். முதலில் இந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, காவலுக்கு ஓர் ஆளைப் போடட்டும். போகிற நீங்களும் சுவர்மேல் ஏறாதீர்கள். ஞாபகத்துக்கென்று கல்லைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள்.