கூடாரத் திணை: ஓர் அகப்பொருள் ஆய்வு

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதற்குரிய ஒழுக்கம் புணர்தல் என்று பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அப்படி வகுத்தவர்கள் யாரும் மலையடிவாரத்தில், மாலை நாலு மணிக்கு, மனைவியோடு சேர்ந்து டெண்ட் அடித்துப் பார்த்தவர்கள் அல்லர் என்பதே இந்த ஆய்வின் கருதுகோள்.

களம், கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்கா. அதன் பள்ளத்தாக்கில், 230க்கும் மேற்பட்ட கூடார இடங்கள் கொண்ட அப்பர் பைன்ஸ் என்னும் முகாம் திடலில் ஓரிடம். காலம், மே மாதக் கடைசியில் இரண்டு இரவுகள். ஆய்வாளர்கள் இருவர்: நானும் என் மனைவியும். முதல் படியில் அவரைத் துணை ஆய்வாளர் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபின் அவர் முதன்மை ஆய்வாளர் ஆகிவிட்டார். இனி அப்படியே வரும்.

இத்துறையில் முன்னோர் செய்த கள ஆய்வு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 1903 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் இயற்கையாளர் ஜான் மியூரும் இதே யோசமிட்டியில் மூன்று இரவுகள் காட்டில் தங்கினார்கள். இரண்டாம் இரவு கிளேசியர் பாயின்ட் பக்கம் பனி கொட்டியது. போர்வைமேல் பனியோடு கண்விழித்த அதிபர் அதற்காகச் சந்தோஷப்பட்டார். இந்தத் தரவு நமக்கு உதவாது. சமைக்கவும் மூட்டை இறக்கவும் அவர்களுக்கு ஆள் இருந்தது. தவிர, அவர்கள் கணவன் மனைவியும் அல்லர். போர்வைமேல் பனி கொட்டியதற்கு யார் காரணம் என்று விசாரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

ஆய்வு முல்லையில் தொடங்குகிறது. முல்லைக்கு உரியது இருத்தல், அதாவது காத்திருத்தல். இந்தத் திடலில் இடம் வேண்டுவோர் ஐந்து மாதம் முன்பே, மாதத்தின் 15ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு இணையத்தில் காத்திருக்க வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாக அப்போது திறக்கும். கோடைக்காலத்து இடங்கள் என்றால் சில நிமிடங்களில், சமயத்தில் சில நொடிகளில், தீர்ந்துபோகும். 1997 ஜனவரியில் மெர்செட் ஆறு வெள்ளமெடுத்தபோது பள்ளத்தாக்கில் இருந்த அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்னும் இரண்டு திடல்கள் போனவை போனவைதான், மறுபடி திறக்கவில்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை. எங்கள் கதவு டிசம்பர் 15 அன்று திறந்தது, ஊரில் மார்கழி பிறக்கும் தறுவாயில். இரண்டு மடிக்கணினி, இரண்டு கைபேசி, இரண்டு பேர். இடம் கிடைத்தது முதன்மை ஆய்வாளரின் விரலுக்கு. இந்தச் செய்தி பின்னால் நிகழ்ந்த ஊடலில் மூன்று முறை மேற்கோள் காட்டப்பட்டது.

பாலையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அதற்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். வளைகுடாப் பகுதியிலிருந்து கிழக்கே போய், நடுப் பள்ளத்தாக்கின் பாதாம் தோப்புகளைத் தாண்டி, பிரீஸ்ட் கிரேட் ஏற்றத்தில் வண்டியின் ஏ.சி.யை அணைத்தால் எந்த நிலமும் பாலைதான். நெய்தலை ஆய்வில் சேர்க்கவில்லை. கடல் நாலு மணி நேரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

இனி மருதம். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரம் அடியில் இருக்கிறது. அதற்கு மேல் இன்னும் ஐயாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாக நிமிர்ந்து நிற்கிறது ஹாஃப் டோம் பாறை. அதற்குக் கீழே வயலுக்குரிய மருதம் எப்படி வந்தது என்று கேட்கலாம். திணை மயங்கலாம், நிலந்தான் மயங்காது என்று தொல்காப்பியர் இதற்கு அப்போதே வழிவிட்டு வைத்திருக்கிறார். எங்கள் விஷயத்தில் நிலம் அசையாமல் குறிஞ்சியாகவே நின்றது. மயங்கியது ஒழுக்கம். பொழுது சாயும் எற்பாட்டு நேரத்தில் கூடாரம் அடிக்கும் ஏற்பாட்டில் இறங்கினோம், மருதத்துக்கு உரிய ஊடல் பிறந்தது.

சங்கப் பாடல்களில் ஊடலுக்குக் காரணம் பரத்தை. இங்கே அந்த இடத்தை யூடியூப் பிடித்துக்கொண்டது. கூடாரத்தை மூன்று நிமிடத்தில் ஒற்றை ஆளாக அடித்துக் காட்டும் ஒரு காணொளியை வீட்டிலேயே நாலு தடவை பார்த்திருந்தேன். பள்ளத்தாக்கில் இணையம் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது; ஐந்தாம் தடவை பார்க்க முடியவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் படங்கள் மட்டும், ஒரு சொல்கூட இல்லை. நீளக் கம்பு இரண்டு, குட்டைக் கம்பு ஒன்று, முளை பன்னிரண்டு.

“ஏங்க, அது குட்டைக் கம்புங்க.”

“எனக்குத் தெரியும்.”

இந்தத் தொடரை இலக்கணிகள் இன்னும் கவனிக்கவில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்பது ‘தெரியாது’ என்பதன் இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசும் ஒன்றை நாகரிகமாக வேறு சொல்லால் சொல்வது. கணவர்களிடம் மட்டும், கையில் ஏதாவது கம்பியோ திருப்புளியோ இருக்கும்போது மட்டும், இது பயின்று வரும். ஐந்து நிமிடம் கழித்துக் கூடாரத்தின் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் படுத்துக்கொண்டபோது, “என்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல.”

வடிவத்தில் எதிர்மறை, பொருளில் உடன்பாடு. ‘நிறைய இருக்கிறது, இப்போது சொல்வதற்கில்லை’ என்பது இதன் விரி. அடுத்து வந்த “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” வஞ்சப்புகழ்ச்சி என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். இம்மூன்றும் இதே வரிசையில் வந்தால் ஊடல் முற்றிவிட்டது என்று கொள்க.

ஊடல் தீர்க்க வாயில்கள், அதாவது தூது போகிறவர்கள், வேண்டும். பாணன், தோழி என்று பழைய நூல்கள் பட்டியல் தரும். எங்களுக்கு வாய்த்தவர் பக்கத்து இடத்தில் டிரெய்லரோடு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். மடக்கு நாற்காலியில் காபிக் குவளையோடு உட்கார்ந்து, டி.வி. தொடர் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் கூடாரம் சரிந்ததும் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ரப்பர் சுத்தியல் ஒன்றை என்னிடம் நீட்டாமல் முதன்மை ஆய்வாளரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். அதன்பின் கூடாரம் பத்து நிமிடத்தில் நின்றது. வாசல் ஒரு பாறையைப் பார்த்து நின்றது என்பது வேறு விஷயம். அதை வைத்தது நான்.

குறிஞ்சியின் கருப்பொருள்களில் பலவற்றைப் போகிற போக்கில் சரிபார்த்துக்கொண்டோம். பறை, பக்கத்து டிரெய்லர்களின் ஜெனரேட்டர்; அதற்குக் காலை, மதியம், மாலை என்று இரண்டிரண்டு மணி நேரம் அனுமதி. தெய்வம், தொப்பி வைத்த ரேஞ்சர். மரம், பென்சில் சீவினால் வரும் வாசம் வீசும் இன்சென்ஸ் சீடார். பென்சில் செய்ததே அந்த மரத்தில்தான். விலங்குப் பட்டியலில் மட்டும் உரையாசிரியர்களைப் பாராட்ட வேண்டும். குறிஞ்சிக்குக் கரடி என்று எழுதியிருக்கிறார்கள்; இருக்கிறது.

தினைப்புனம் காப்பது குறிஞ்சித் தலைவியின் தொழில். யோசமிட்டியில் சட்டமே அதுதான். இங்கே இருப்பது கருங்கரடி இனம் ஒன்றுதான், பெயருக்குத்தான் கருப்பு, பெரும்பாலானவை பழுப்பு. கார் கதவை உரித்து உள்ளே இருக்கும் தின்பண்டத்தை எடுக்கத் தெரிந்தவை. 1998ஆம் ஆண்டில் மட்டும் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சேட்டைகள் பதிவாயின. கண்டிப்பு கூடியபின் அவை வெகுவாகக் குறைந்தன. ஒவ்வொரு கூடார இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு: அகலம் 45 அங்குலம், ஆழம் 33, உயரம் 18. உணவு மட்டும் இல்லை, பற்பசை, சோப்பு, முகப்பூச்சு என்று வாசமுள்ள எதுவும் இரவு பகல் எந்நேரமும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

வாசமுள்ள பொருள் எது என்ற இடத்தில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் உள்ளே போயிற்று, சர்ச்சை இல்லை. கூட்டுப் பெருங்காய டப்பா மூடியிருக்கிறதே, காரில் இருக்கட்டும் என்றேன் நான். மூடிய பெருங்காய டப்பா என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்றார் முதன்மை ஆய்வாளர். அவர் கட்சியே சரி. ஆனால் அந்தத் தர்க்கத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால், காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருந்த அவரையும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். இதைச் சொன்னேன். 45 அங்குலத்தில் நான் மடங்கிப் படுக்க முடியுமா என்று அவர் என்னை ஒரு முறை அளந்து பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா. ரவை, வெங்காயம், பச்சை மிளகாய், எண்ணெய், கேஸ் அடுப்பு எல்லாம் வந்திருந்தன. உப்பு வரவில்லை. ஊடல் என்பது உணவில் உப்புப்போல அளவோடு இருக்க வேண்டும் என்பது வள்ளுவர் கொள்கை. எங்களிடம் அந்த உவமையின் ஒரு பாதி கூடுதலாகவும் மறு பாதி அறவே இல்லாமலும் இருந்தது. புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொண்டு உப்பில்லா உப்புமாவைச் சாப்பிட்டோம். உப்பை எடுத்துவைப்பது யார் பொறுப்பு என்பது இன்றுவரை தீராத பாட வேறுபாடு.

மெர்செட் ஆற்றின் இரைச்சலைப் பற்றியும், மே மாதத்தில் யோசமிட்டி அருவி 739 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுவதைப் பற்றியும் தனியாக எழுதலாம். அவை ஆய்வுக்குப் புறம்பு. ஒரு விதியை மட்டும் சொல்ல வேண்டும்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திடலில் சத்தம் கூடாது. நெருப்பையும் 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும். ஆகவே ஊடல் பத்து மணிக்குமேல் கிசுகிசுப்பில் நடந்தது. ‘டிசம்பர்ல இடம் பிடிச்சது யாரு?’ என்ற கேள்வியைக் காதோடு கேட்டால் அது ஏனோ பாதி வலுவை இழந்துவிடுகிறது. சட்டத்துக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை எந்த ரேஞ்சரும் சொல்லித் தருவதில்லை.

குறிஞ்சிக்குரிய யாமம் வந்தது. குளிர் ஏழெட்டு டிகிரி. இருவர் படுக்கும் கூடாரம் என்று பெட்டிமேல் அச்சிட்டிருந்தார்கள். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவரும் திரும்பியாக வேண்டும். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி இருக்கும், வெளியே சருகு நொறுங்கியது. முதன்மை ஆய்வாளர் என் கையைப் பிடித்தார். அன்று மாலை நாலு மணிக்குப் பிறகு முதல் தடவை. குடியிருப்புப் பக்கம் கரடி வந்தால் உரக்கக் கத்தி விரட்டுங்கள் என்று பூங்காவே சொல்கிறது. கிளி விரட்டிய வள்ளிக்கும் இதே முறைதான். நான் எழுந்து உட்கார்ந்து, கையைத் தட்டி, வாய்க்கு வந்ததைத் தமிழில் கத்தினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து இடத்துப் பெரியவர், நெற்றி விளக்கோடு, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றார்.

திரும்பிப் படுத்தபின் கூடாரம் குலுங்கியது. போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது முதன்மை ஆய்வாளர்தான். குறளின் கடைசிப் பகுதியைப் புலவியில் தொடங்கி ஊடலுவகையில் வள்ளுவர் முடித்தது எவ்வளவு பொருத்தம் என்று மேற்கோள் காட்ட வாயெடுத்தேன். “சத்தம் போடாதீங்க, பத்து மணிக்கு மேல ஆச்சு” என்றார்.

மறுநாள் காலையில் ரப்பர் சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க இருவருமாகப் போனோம். கையில் ஒரு கிண்ணம் புளியோதரை. பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இதை எந்தப் பெட்டியில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

கிளம்பும்போது எண்ணிப் பார்த்ததில் முளை பதினொன்றுதான் இருந்தது. அடுத்து அங்கே தங்கப் போகிறவர்கள், கரடிப் பெட்டிக்கும் பாறைக்கும் நடுவே செருப்புக் காலால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அகப்பட்டால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நால்வர் கூடாரம் வாங்கிவிட்டோம்.