முகத்துவாரத்தில் ஒரு புதுமுகம்

கொடுவா பிடிக்கக் கிளம்பும் புதியவர் முதலில் பிடிப்பது தூண்டில் கடைக்காரரை. அல்லது கடைக்காரர் அவரை. நீள ராடு, ரீல், கலர் கலராய்ப் பொய் மீன்கள், கூலிங் கிளாஸ் சகிதம் ஞாயிறு உச்சி வெயிலில் முட்டுக்காடு முகத்துவாரத்தில் வந்து நிற்பார்.

கடல் ஞாயிறு பார்ப்பதில்லை. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் ஏறும்போதும் வடியும்போதும் பொடிமீன்கள் இழுபட, ஓட்டத்தின் ஓரத்தில் கொடுவா காத்திருக்கும். ஓட்டம் நின்ற தண்ணீரில் அதற்கென்ன வேலை?

பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய பெரியவர், பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசியில் இறாலைக் கோத்துக் கரையோரமே போட்டுக் கிழங்கான் எடுத்துக்கொண்டிருப்பார். நம்மவர் வீச்சோ வங்காள விரிகுடாவின் நடுவை நோக்கி.

கடைசியில் ஒரு கெளுத்தி மாட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், முதுகிலும் இருபக்கமும் உள்ள முள்ளில் விஷம். குத்தினால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செல்ஃபி பிறகு.